போதுமென்றுரைத்த சுவிசேஷமுத்து

தைத்திங்களின் பனியும் புகையும் தம்முள் மயங்கி, யமுனையின் கரிய நீரையும் அதன் கீழ்க்கரையில் அடுக்கடுக்காய் எழுந்த மயூர் விஹாரின் மாடங்களையும் வெளுத்த துகிலெனப் போர்த்திருக்க, உயர்பாலத்தின்மேல் தொடர்வண்டி உருவம் தோன்றாது ஒலியாய் மட்டும் ஊர்ந்து செல்ல, கதிரவன் மங்கிய செப்புத்தட்டுப்போல் சோம்பி எழுந்த காலைப்பொழுது அது.

அம்மாடங்களுள் ஒன்றில், கணக்காசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற சுவிசேஷமுத்துவும், செவிலியாய் நெடுங்காலம் பிறர் உயிரைப் பேணிய அவர் துணைவி டெல்பினும் வாழ்ந்திருந்தனர். சிறுநீரகங்கள் செயலற்றுப்போனமையால் வாரந்தோறும் மும்முறை குருதியைப் பொறியிலிட்டுத் தூய்மை செய்து உயிர்தாங்கி வந்த அவர், நெஞ்சும் தளர்ந்து, பொறியினின்று மீண்ட நாளெல்லாம் கரையில் எறியப்பட்ட மீன்போல் துவண்டு கிடந்தார். மருத்துவர்களோ தேறுதற்கு வழியில்லையென்று முன்னரே உரைத்திருந்தனர். அன்று புறப்படும் வேளையில், இனித் தாம் மருத்துவமனைக்கு வருவதில்லை என்றார் அவர். இறைவன் அளித்த உயிரைத் தாமே துறத்தல் பாவமன்றோ என்று டெல்பின் கலங்கினாள்.

"நான் சாகணும்னு கேக்கல, டெல்பின். சாவு வார வரைக்கும் வீட்ல ஒன் பக்கத்துல இருக்கணும்னுதான் கேக்கேன்."

அவள் அழைக்க வந்த சபை ஆயர் கிளமெண்ட், இருவர் சொல்லையும் பொறுமையாய்க் கேட்டு, உயிரை அழித்தல் வேறு, நோயைத் தீர்க்காது துன்பத்தையே நீட்டும் மருத்துவத்தை மறுத்தல் வேறு என்றும், பின்னதைத் திருமறை பாவமென்று விலக்கவில்லை என்றும் கூறி, வேண்டுதல் செய்து சென்றார். ஆயினும் டெல்பினின் முகம் தெளியவில்லை. கணவரின் வீங்கிய பாதங்களை மடியிலேற்றி எண்ணெய் தடவியவாறே சொன்னாள்:

"சரின்னு சொல்லத்தான் தோணுது. ஆனா அது ஒங்க மேல உள்ள பிரியத்துலயா, எனக்கு அலுத்துப்போனதாலயான்னு தெரியலயே."

அவர் அவள் கையைப் பற்றினார்.

"எனக்குந்தான் அலுத்துப்போச்சு. அதுக்காவ ஒன் மேல பிரியம் இல்லாமயா போச்சு?"

அதன்பின் அவள் மறுக்கவில்லை. நோவையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மருந்துகளைத் தன் கையாலேயே அளித்து, நாவறண்டபோது நீரால் இதழ் நனைத்து, அருகிலேயே இருந்தாள். மாசி பிறந்து பனி விலகியதோர் நண்பகலில், சாளரத்து வெயில் போர்வைமேல் படர, அவர் உயிர் ஓசையின்றி அடங்கிற்று.

அடக்கம் முடிந்த மறுநாள் டெல்பின் பொழுது சாயுமட்டும் உறங்கினாள். எழுந்தபோது, அவ்வளவு ஆழ்ந்து உறங்கியமைக்காய் முதலில் நாணி, பின்னர் நெடுநேரம் அழுதாள். மாந்தர் அன்பு அயராததன்று. அயர்ந்தும் அகலாதிருந்தவளை ஆண்டவன் அறிவான்.