மதர் ஊரில் இருக்கிறார்

தனகோட்டிக்குத் தன் மகனைப் பார்த்தால் சில நாளாகவே இளக்காரமாக இருந்தது. பெற்ற பிள்ளையை அப்படி நினைக்கலாமா என்று ஒரு நாள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். நினைக்கலாம் என்றுதான் தோன்றியது.

வடக்குத்து கிராமத்தில் அவர்கள் வீட்டில் பெற்றவளை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். மகன் செங்குட்டுவனுக்கும் வாயில் பழகியது அதுதான். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பிலோ ஆயா என்றால் பாத்திரம் தேய்க்கிறவள், பிள்ளை பார்த்துக்கொள்கிறவள். அவன் அதிகாரியாகிப் பெரிய குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு இந்த வித்தியாசம் அவனுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. வீட்டுக்கு ஆள் வந்தால், "ஆயா, தண்ணி கொண்டா" என்பான். பொய் சொன்னதாகவும் ஆகாது, உண்மை தெரிந்ததாகவும் ஆகாது. மருமகள் சண்முகப்பிரியா இன்னும் கெட்டி. தனியாக இருக்கும்போது அத்தை அத்தை என்பாள். ஆள் வந்தால் கண்ணாலேயே வேலை ஏவுவாள். முகம் தெரியாத பஸ் கண்டக்டர்கூட "உள்ள போம்மா" என்று விரட்டுகிறான். அதில் ஒரு அம்மாவாவது இருக்கிறது.

மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய், மூக்கெல்லாம் கரித்தூசி அடைக்க இவனைப் படிக்க வைத்தது இந்தச் சாமர்த்தியத்துக்குத்தானா என்று தனகோட்டி உதட்டைச் சுழிப்பாள். இருந்தாலும், என்றாவது யாரிடமாவது 'இவங்கதான் என்னைப் பெத்தவங்க' என்று அந்த வாய் சொல்லிவிடாதா என்ற ஆசை மட்டும் விடவில்லை. அந்த ஆசைக்காகத் தன்னையும் கொஞ்சம் கேவலமாகத்தான் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மேலதிகாரி விஜயலட்சுமி வீடு பார்க்க வந்தார். செங்குட்டுவன் சோபாவில் பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் இருந்தான். மேடம் எது சொன்னாலும் சிரித்தான். கொசுத் தொல்லை அதிகம் என்றதற்கும் சிரித்தான்.

"வீடு பளிச்சுனு இருக்கு. ஆயா நல்லா வேலை செய்யறாங்க போல" என்றார் மேடம்.

"ஆமா மேடம். நம்பிக்கையான ஆளு."

அடுக்களையில் தனகோட்டி பாலை இறக்கினாள். நம்பிக்கையான ஆளாம்.

"உங்க மதர் எங்க? உங்களோட இல்லையா?" என்று மேடம் கேட்டார்.

அவள் கை நின்றது. இப்போது சொல்வான் என்று அந்தப் பைத்தியக்கார மனசு நினைத்தது.

"மதர் ஊர்ல இருக்காங்க மேடம். எவ்ளோ கூப்ட்டாலும் வர மாட்டேங்கறாங்க."

ஊராம். பஸ் ஏறி உட்காருவதற்குள் வந்துவிடுகிற ஊர். இதுவரை ஆயா என்ற வார்த்தைதான் அவனுக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அவனே தேறிவிட்டான்.

காபி கொண்டுவந்தாள். மேடத்துக்கு டவராவோடு வைத்தாள். மகனுக்கு வெறும் டம்ளர். அவள் கை காய்த்த கை, சூடு தெரியாது. வேண்டுமென்றே செய்தாள் என்று சொல்ல முடியாது. மறந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. மேடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கியவன், அதைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டான்.

"ஐயோ, ஆயா!"

அலறல் அடிவயிற்றிலிருந்து வந்தது. தனகோட்டி தன்னை மறந்து முந்தானையால் அவன் தொடையைத் துடைத்தாள். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுட்டா அம்மான்னுதானே கத்துவாங்க? செங்குட்டுவன், இவங்க யாரு?"

தனகோட்டி துடைப்பதை நிறுத்தினாள். இதைவிட நல்ல சமயம் அவனுக்கு இனி வாய்க்காது.

"அது வந்து... சின்ன வயசுலேர்ந்து எங்க வீட்டுல இருக்கறவங்க மேடம்."

தனகோட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம்கூட வரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அங்கே ஆள் இல்லை.

"ஆமாம்மா" என்றாள் மேடத்திடம். "இவுரு என் வயித்துல இருக்கசொல்லவே வேலைக்கு சேந்துக்கினேன். வெறும் கான்ட்ராக்ட்டுதான், பர்மனன்ட் ஆவல. இன்னியோட நின்னுக்கறேன்."

மேடம் எழுந்துவிட்டார். சண்முகப்பிரியா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனகோட்டி உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஆயா..." என்று செங்குட்டுவன் பின்னாலேயே வந்தான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"ஊருக்குத்தான் போறேன் சார். மதர்கிட்ட எதுனா சொல்லணுமா?"