ஏழாம் நபர்

லிபானைப் பேருந்திலிருந்து இறக்கி ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா டெக்காவின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கென்று நைரோபிக்குக் கிளம்பியவன், காரிஸா பாலத்துச் சோதனைச் சாவடியோடு நின்றுபோனான்.

தேர்வறைக்கு வெளியே நின்று டெக்கா அவனை அழைத்தாள்.

"சாப்டியாடா?"

"போலீஸ்காரரே டீ வாங்கிக் குடுத்தாரு. விரலை வெச்சா அகதின்னு காட்டுதாம். சோமாலியாவுல எந்த ஊருடாங்குறாரு. அந்தப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கினதில்லைங்கன்னேன்." சிரித்தான். "நீ உள்ள போக்கா. முடியிற வரைக்கும் கூப்பிட மாட்டேன்."

இருவரும் கென்யாவிலேயே பிறந்த சோமாலிகள். பஞ்சம் வந்த வருடம் அம்மா அவனை அகதி முகாமுக்குக் கூட்டிப்போய், அகதி என்று சொல்லி, ரேஷன் மாவுக்காக விரலைப் பதியவைத்தாள். அவனுக்கு எட்டு வயது. டெக்கா அப்போது விடுதிப் பள்ளியில் இருந்தாள். அதனால் அவளிடம் கென்ய அடையாள அட்டை இருக்கிறது. அவனிடம் இல்லை.

இப்படிக் குடிமகனாகவும் இல்லாமல் அகதியாகவும் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களைத்தான் அவள் ஆராய்ந்தாள். தரவு கேட்டு எழுதிய போதெல்லாம் 'தேசியப் பாதுகாப்பு' என்ற ஒரே பதில் வந்தது. கடைசியில் ஆட்களைத் தேடிப் போனாள். பேசியவர்களின் பெயரை மறைத்து எண் கொடுத்தாள். ரத்த உறவுகளைச் சேர்க்கமாட்டேன் என்ற உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

உள்ளே தலைமைத் தேர்வாளர் பேராசிரியர் கிலோன்சோ ஆய்வேட்டைப் புரட்டினார். கெட்டவர் இல்லை. அவளுக்குப் புத்தகங்கள் கொடுத்து உதவியவர்.

"மத்ததெல்லாம் சரிம்மா. இந்த ஏழாம் நபர்தான் இடிக்குது. காலேஜ் சீட் போச்சு, சிம் கார்டு வாங்க முடியலை, கல்யாணத்தைப் பதிய முடியலை. எல்லாம் ஒரே ஆளுக்கா? கதை மாதிரி இருக்கு."

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன், சார்."

"அவன் சொன்னான், நீ நம்பிட்ட. விரலை வெச்சா அகதின்னு காட்டுதுன்னா அகதிதான். மெஷின் பொய் சொல்லாதும்மா."

"சொல்லாதுதான்," என்றார் பக்கத்திலிருந்த இன்னொரு தேர்வாளர் டாக்டர் நெகேசா, டீக்கு வந்த மண்டாசிப் பலகாரத்தைப் பிய்த்தபடி. "கேள்வி கேட்டா பதிலும் சொல்லாது."

கிலோன்சோ அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த அத்தியாயத்தை எடுத்துடு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

எடுத்தால் இன்றே பட்டம். உண்மையைச் சொன்னாலும் அத்தியாயம் போகும். உறுதிமொழியை மீறியதற்காகப் பட்டமும் கூடவே போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் லிபான் இந்த ஏட்டிலிருந்தும் அழிக்கப்படுவான். ஐந்து வருடம் படித்து அவள் கண்டது இதுதானா?

மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த கைபேசி அதிர்ந்தது. கூப்பிட மாட்டேன் என்றவன். அது நிற்காமல் அதிர்ந்து, பளபளப்பான மரத்தில் அங்குலம் அங்குலமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது.

"அணைச்சு வைம்மா."

டெக்கா அதைப் பிடித்துத் திருப்பி, அவர் முன்னால் வைத்தாள். திரையில் ஒளிர்ந்த பெயரை அவர் பார்த்தார்.

"பாலத்துலேர்ந்து கூப்பிடறான், சார். ஏழாம் நபர் என் தம்பி."