இவரை எனக்கு நேரில் தெரியும்

என் வீட்டு வாசற்கதவைப் போலீஸ் சான்றுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போனதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு ரசீது தந்திருக்கலாம். அதுதான் ஆத்திரம்.

கதவு முதல் சான்றுப் பொருள். இரண்டாவது என் சைக்கிள். மூன்றாவது எங்கள் தெரு. அதை இரண்டு கான்ஸ்டபிள்கள் பாய் மாதிரிச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டு நல்லசிவம் பால் வாங்கப் போயிருந்தார். திரும்பி வர வழியில்லாமல் இன்னும் பூத்திலேயே நிற்கிறார்.

நான்காவது என் மூக்குக்கண்ணாடி. ஐந்தும் ஆறும் என் செருப்புகள். ஒரு ஜோடிக்கு எதற்கு இரண்டு எண் என்று கேட்டேன். இரண்டும் தனித்தனியாக எங்கேயாவது போயிருக்கலாம் இல்லையா என்றார்கள்.

ஏழாவது என் மனைவி அலர்மேல்.

இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. வெறுங்காலோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். ஐந்து மணிக்கு எல்லாவற்றுக்கும் அரக்கு வைத்துக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கோர்ட்டுக்குப் போன பொருள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். ரைட்டர் ஏகாம்பரத்தின் மேஜை இருபதடி தூரத்தில் இருந்தது. நான் நடக்க நடக்க வராந்தா நீண்டது. மேஜையை அடைந்தபோது நாலு இருபது. கால் நகம் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

என் பெயரைச் சொன்னேன். மனைவியைத் திருப்பிக் கேட்டேன்.

ஏகாம்பரம் பேனா மூடியால் காது குடைந்தார். "நீங்க யாருன்னு நீங்களே சொன்னா எப்படி சார்? ரெண்டாவது ஆள் சொல்லணும்."

என்னிடம் இதைச் சொல்கிறார். என்னிடம்! இருபத்திரண்டு வருடமாகப் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன் நான். வீடு விற்க வருகிறவர்களுக்கு, அவர்கள் அவர்கள்தான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். 'இவரை எனக்கு நேரில் தெரியும்' என்ற வரிக்குக் கீழே போடுவேன். ஊரில் பாதி நிலம் என் கையெழுத்தில்தான் கைமாறியிருக்கிறது. தொழிலில் ஒரே ஒரு நுணுக்கம்தான். தலை நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் சந்தேகம் வரும்.

என்ன கேஸ் என்று கேட்டேன். கொலை என்றார். செத்தது யார் என்று கேட்டேன்.

"தணிகாசலம். உங்களுக்கு நேர்ல தெரிஞ்சவர்தான்."

ஒரு பத்திர நகலை நீட்டினார். மூன்று வருடத்துக்கு முன்னால் தணிகாசலம் என்று ஒருவர் வந்து தன் வீட்டை விற்றிருந்தார். கீழே என் கையெழுத்து. கண்ணாடி இல்லாமல் மற்ற எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்தன. என் கையெழுத்து மட்டும் தெரிந்தது.

"வித்தவரு வேற ஆளு. நெஜத் தணிகாசலம் அதோ பெஞ்ச்ல இருக்காரு" என்றார் ஏகாம்பரம்.

மெலிந்த மனிதர். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்காரே?"

"அது அவரோட சொந்த விஷயம் சார். வீடு போன தேதியில கேஸ் போட்டாச்சு."

சரி, அவர் செத்ததற்கு என் வீட்டை ஏன் பிரிக்க வேண்டும் என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். ஏகாம்பரம் பறிமுதல் மகஜரைத் திருப்பிக் காட்டினார். என் பொருள்களைக் கைப்பற்றியதற்குச் சாட்சியாக நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். காலையில் டீக்கடையில் ஒரு கான்ஸ்டபிள் எதையோ நீட்டியது ஞாபகம் வந்தது. டீ ஆறிவிடும் என்று போட்டுக் கொடுத்திருந்தேன்.

இனி என்னை நேரில் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் ஏழாம் எண்ணை விடுவிக்க முடியும். நல்லசிவத்துக்குத் தெரு இல்லை. பெஞ்சுக்குப் போனேன்.

"ஐயா, ஒரு கையெழுத்து. உங்களுக்கு என்ன போகுது?"

தணிகாசலம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவ்வளவு நேரம் என்னை யாரும் பார்த்ததில்லை.

"உங்கள நான் பாத்ததே இல்லீங்களே."

"பாக்கணும்னு இல்லீங்க. போட்டாப் போதும்."

"பாக்காம எப்படிங்க போடறது?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். இப்படி ஒரு பொறுப்பில்லாத மனிதரை நான் சந்தித்ததில்லை. அவர் உள்ளங்கையில் ஒரு வீட்டுச் சாவி இருந்தது. எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

நாலே முக்காலுக்கு ஏகாம்பரம் இரக்கப்பட்டார். பொருளே கையெழுத்துப் போட்டாலும் செல்லும் என்றார். உள்ளறையிலிருந்து அலர்மேலை அழைத்து வந்தார்கள். தலை கலையவில்லை. மணிக்கட்டில் சணல் கயிற்றில் ஏழு என்று எழுதிய அட்டை.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாப்பாடு இருக்கட்டும், முதலில் போடு என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேஸ் கட்டைப் படிக்க ஆரம்பித்தாள். பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூடக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கசக்குவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் இதுதான் சண்டை.

நாலு ஐம்பத்தைந்துக்கு, கட்டின் கடைசியில் இருந்த பத்திரத்துக்கு வந்தாள்.

"தணிகாசலம் யாருங்க?"

"தெரியாது."

"தெரியும்னு எழுதியிருக்கே."

"அது ஆபீஸ்ல."

அலர்மேல் பெஞ்சைப் பார்த்தாள். அவர் மரியாதையாக எழுந்து நின்றார். சாவி கையிலேயே இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள். அவர் பார்த்த மாதிரியே, மேலிருந்து கீழ்வரை.

"தெரிஞ்ச முகமாத்தான் இருக்கு சார்" என்றாள் ஏகாம்பரத்திடம். "ஆனா நேர்ல தெரியும்னு எழுதிக் குடுக்க மனசு வரல."

அட்டையின் முடிச்சு தளர்ந்திருந்தது. அதைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு அவளே உள்ளே நடந்தாள்.

ஏகாம்பரம் கதவைச் சாத்தினார். என் வாசற்கதவு. நான் வைத்த மஞ்சள் குங்குமம் அப்படியே இருந்தது. வழக்கமான இடத்தில் வழக்கம் போலக் கிரீச்சிட்டது. என் வீட்டில் அதற்கு எண்ணெய் விட ஆள் இல்லை, இங்கேயும் இல்லை.

பிறகு ஒரு தாளை நீட்டினார். கதவு சாத்தப்பட்டதற்குச் சாட்சி வேண்டுமாம்.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தாளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணாடி உள்ளே இருந்தது, நான்காம் எண்ணில். நியாயமா என்று கேட்டேன். ஐந்தாக ரெண்டு நிமிஷம்தான் இருக்கிறது என்றார்.

பேனாவை வாங்கினேன். தலை நிமிரவில்லை.