முப்பத்தோராம் பக்கத்துக் கடல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பழைய புத்தகக் குவியலிலிருந்து என் கையில் அகப்பட்டது. 1968 ஐப்பசியில் அச்சான ஒரு கையேடு. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம், எந்த பஸ் எங்கே போகும் என்று படங்களோடு சொல்கிற புத்தகம். முப்பத்தோராம் பக்கத்தில் தொண்டைமானாறு என்கிற வடகரைக் கடலோர ஊர். 'குழந்தைகள் அச்சமின்றி நீராடத்தக்க இடம்' என்று ஒரு வரி. அந்த வரியை யாரோ மையால் அடித்து, ஓரத்தில், 'கார்த்திகை முதல் மாசி வரை இறங்க வேண்டாம், தயவுசெய்து' என்று எழுதியிருந்தார்கள்.

அந்த 'தயவுசெய்து'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிழை திருத்துகிறவன் எதற்காகக் கெஞ்ச வேண்டும்? அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை. பிடிக்காவிட்டால் என்னைத் திட்டுங்கள், புத்தகத்தைத் திட்டாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: 'நீலக் கடலின் ஓரத்திலே, வெண்மணற் பரப்பிலே, குடை பிடித்த ஒரு மனிதர்—'

வேண்டாம். கையேட்டு நடை எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. கையேடுகளில் எல்லாக் கடலும் நீலம், எல்லாக் கோவிலும் புராதனம், எல்லாச் சனமும் விருந்தோம்பல் மிக்கது.

இரண்டாம் தொடக்கம்: 'தில்லைநாதன் கடலுக்குப் பயந்தவர்.' இது பரவாயில்லை. இதிலேயே போகிறேன்.

தில்லைநாதன் கடலுக்குப் பயந்தவர். புத்தூரில் புகையிலையும் வெங்காயமும் போடுகிற குடும்பம். கிணறு இறைக்கத் தெரியும், நீந்தத் தெரியாது. நில அளவைக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வரைபடம் கீறுகிற வேலை. குடாநாட்டின் ஒழுங்கைகள், சந்துகள் எல்லாம் அவருடைய பேனாவுக்குத் தெரியும். அவருடைய கால்களுக்குப் பாதி தெரியாது. முப்பத்தைந்து வயதில் ஓர் ஆசை பிடித்தது: தன் பெயர் போட்டு ஒரு புத்தகம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை அது தின்றது. பின்னட்டையில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அவருடைய படம் வந்தது. கந்தோரில் அதை எல்லாருக்கும் காட்டினார், காட்டாதது போலக் காட்டினார்.

உள்ளே இருந்த படங்களை எடுத்தவர் மார்க்கண்டு. காங்கேசன்துறையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாண வீடுகளில் படம் எடுத்து அலுத்துப்போனவர், கூப்பிட்டதும் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

3

இருவரும் தொண்டைமானாற்றுக்குப் போனது ஆனி மாதம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலம். காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். வடகரைக் கடல் அசையாமல் கிடக்கும். கரையோரத்து முதல் வீட்டு முற்றத்தில் தங்கமுத்து என்கிற பெண் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே, குடையை மடக்காமல், தில்லைநாதன் கேட்டார்.

"சின்னப் பிள்ளையள் இதிலை இறங்கிக் குளிக்கலாமோ?"

"ஓம் ஐயா. பாருங்கோவன், குளம் மாதிரிக் கிடக்கு. ஏன் வெயிலுக்கை நிக்கிறியள், உள்ளுக்கை வாங்கோ. தேத்தண்ணி வைக்கிறன்."

"இல்லை, இல்லை. நேரமில்லை."

நேரம் இருந்தது. (இதை நான் மழுப்பக் கூடாது.) தோட்டம் செய்கிற அவருடைய ஆட்கள் கடற்றொழில் செய்கிறவர்களின் வீட்டில் வாய் நனைப்பதில்லை. அவர் அதை ஒரு கொள்கையாக நினைத்துச் செய்யவில்லை. கால் தானாகவே வாசலில் நின்றுவிட்டது. பூவரசு நிழலில் ஒதுங்கி, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அந்த வரியை எழுதினார். மார்க்கண்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து, இரண்டு கோப்பை குடித்த முகத்தோடு வெளியே வந்தார்.

* தில்லைநாதனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. பஸ்ஸில் வயசாளிகளுக்கு எழுந்து இடம் விடுகிற மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபம்.

4

கார்த்திகை. புத்தகம் வந்து மூன்று வாரம். மழைக்குள் மார்க்கண்டு கந்தோருக்கு வந்தார்.

"தம்பி, உம்மடை புத்தகத்தைப் பாத்தன். தொண்டைமானாத்தைப் பற்றி ஏன் அப்பிடி எழுதினீர்?"

"ஏன் அண்ணை, என்ன பிழை?"

"அந்த மனிசி சொன்னதெல்லே! வாடைக்காத்து எழும்பினால் மாசி மட்டும் தங்கடை ஆம்பிளையளே அதிலை கால் வைக்கமாட்டினமாம். மழைத்தண்ணி ஆத்தாலை வந்து கடலுக்கை இழுக்குமாம். போன மாரியும் ஒரு பிள்ளை போனதாம்."

"எப்ப சொன்னது?"

"தேத்தண்ணி குடிக்கேக்கை. உமக்கும் தெரியுமெண்டெல்லே நான் நினைச்சன்."

தில்லைநாதன் மேசை நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். கொழும்புச் சனம் வருவது மார்கழி விடுமுறைக்குத்தான். அவர்களை நினைத்துத்தான் புத்தகமே எழுதினார்.

அதன் பிறகு அவருடைய கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ரயில் நிலையத்துப் புத்தகக் கடை, யாழ்ப்பாணத்துப் பெரியகடைப் பகுதியின் புத்தகக் கடைகள், சுன்னாகம், பருத்தித்துறை. போன இடமெல்லாம் பேனாவைத் திறந்து, பக்கம் முப்பத்தொன்றைப் பிரித்து, அடித்து, எழுதினார். "புதுப் புத்தகத்திலை கிறுக்கிறீரே, உமக்கென்ன விசரோ?" என்று ஒரு கடைக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். கொழும்புக்குப் போன பொதிகளை மறிக்க முடியவில்லை. அங்கே விற்பனைக்கு எடுத்தவர்களுக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது: 'பிரதிகள் எல்லாம் போய்விட்டன. பாராட்டுக்கள்.'

[இந்த இடத்தில் அவர் அழுதார் என்று எழுதினேன். மலிவாகத் தெரிந்தது, அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன். அழுதார்.]

5

நத்தார், அதாவது கிறிஸ்மஸ் தினத்தன்று, அடுத்து வரும் நாட்களுக்கு லீவு போட்டுவிட்டு அவர் தொண்டைமானாற்றுக் கரையில் போய் நின்றார்.

இதை வாசித்த ஒரு நண்பர், "ஒருத்தன் லீவு போட்டுக் கடற்கரையிலை காவல் நிப்பானோ? நம்பேலாமல் கிடக்கு" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வேறு என்ன செய்வார் என்று நண்பரையே கேட்டேன். அவர் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினார்.

தங்கமுத்து கண்டுவிட்டார். "என்ன ஐயா, இந்தக் காத்துக்கை நிக்கிறியள்?"

தில்லைநாதன் எல்லாவற்றையும் சொன்னார். தங்கமுத்து கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

"நீங்கள் வேலியிலை நிண்டு கேட்டியள். நான் அண்டைக்குக் கண்ணுக்கு முன்னாலை கிடந்த கடலைச் சொன்னன். உள்ளுக்கை வந்து இருந்திருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருப்பன்."

காவலின் முதல் நாள் தங்கமுத்து நீட்டிய தேநீரைத் தில்லைநாதன் வேண்டாம் என்றார். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் நனைந்து, குளிரில் பல் அடித்துக்கொண்டபோது வாங்கிக் குடித்தார். இதைப் பெரிய காட்சியாக எழுத எனக்கு மிகவும் ஆசை. தங்கமுத்து இடம் தரவில்லை. "கெதியாக் குடிச்சிட்டுக் கோப்பையைத் தாங்கோ, அடுப்பிலை உலை கிடக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி முடிக்க வேண்டும். விடுமுறை முடியும்வரை ஒருவரும் வரவில்லை, அவர் வெட்கத்தோடு வீட்டுக்குப் போனார் என்று ஒரு முடிவு எழுதினேன். அது எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது, அதனாலேயே நம்பவில்லை. இரண்டாவதில் இரண்டு குடும்பங்கள் வந்தன, அவர் சொன்னதைக் கேட்டன, நன்றி சொல்லித் திரும்பிப் போயின. படித்த தமிழன் விடுமுறை நாளில் இன்னொருவன் சொல்வதைக் கேட்டான் என்று எழுத என் பேனாவே கூசியது.

6

ஐந்தாம் நாள், காலை பதினொரு மணி. மழை விட்டிருந்தது, வெயில்கூட எறித்தது. ஒரு கார் வந்து நின்றது. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு தகப்பன், தாய், ஆறு வயது மகள். தகப்பனின் கையில் புத்தகம்.

"பிள்ளையை இறக்காதேங்கோ" என்று தில்லைநாதன் ஓடிவந்தார். "இந்த மாசம் இது ஆபத்து."

"இதிலை வடிவாப் போட்டிருக்கு. படமும் இருக்கு, பாரும்."

படத்தில் இருந்தது ஆனி மாதக் கடல். எந்தக் கையேட்டிலும் படம் எடுத்த அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. மற்ற நாட்களெல்லாம் ஊரில் இருப்பவர்களிடம் இருக்கின்றன.

"அது பிழை, ஐயா."

"அதைச் சொல்ல நீர் ஆர்?"

மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் தகப்பனின் கையில் இருந்தன. ஆனாலும் தில்லைநாதன் சொன்னார்.

"நான்தான் எழுதினனான். தெரியாமல் எழுதிப்போட்டன்."

தகப்பன் புத்தகத்தைத் திருப்பினார். பின்னட்டையில் கோட்டுப் போட்ட கனவான். எதிரே ஐந்து நாள் தாடியும் ஈர வேட்டியுமாக ஒருவர். தகப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இஞ்சை பாருமப்பா, இவர்தானாம் அவர்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். தாயும் கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். தில்லைநாதனும், பாவம், நம்பவைக்கிற அவசரத்தில், தன் முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார்.

மூன்று தலைகள் பின்னட்டைக்கு மேல் குனிந்திருக்கின்றன.

சிறுமி செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறாள்.

தங்கமுத்து கண்டுவிட்டார். வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறார், கத்துகிறார், ஆனால் தூரம். 'சிறுமி திரும்பி வந்தாள்' என்று நான் எழுதலாம். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். கடல் தெரியாத ஒருவர் மர நிழலில் ஒதுங்கி நின்று எழுதிய ஒரு வரியை நம்பித்தான் இந்தப் பிள்ளை இங்கே வந்திருக்கிறாள். நானும் அந்தக் கடலை பஸ் ஜன்னலால் ஒரு தரம் பார்த்தவன், அவ்வளவுதான். பயமில்லை என்று இன்னொரு வரியை என்னால் அச்சுக்குக் கொடுக்க முடியாது.

இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களில் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். நான் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. நீங்கள் வையுங்கள். உங்கள் வீட்டில் தினமும் கூப்பிடுகிற பெயராக இருந்தால் நல்லது, வாயில் உடனே வரும். தண்ணீர் அவளுடைய கணுக்காலைத் தாண்டிவிட்டது. காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது, மனத்துக்குள் சொன்னால் போய்ச் சேராது.

உரத்துக் கூப்பிடுங்கள்.