அனந்து மூச்சைப் பிடித்தால்

அனந்து வாயைத் திறந்துவிட்டான். சத்தம் மட்டும் வரவில்லை. திருவூடல் தெரு மாடியில் எட்டு டைப்ரைட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றன. எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று தெரிவதற்கு முன்பே அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்துவிடும்: மாஸ்டர் பையன் சத்தமில்லாமல் அழுதால், கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். லோயர் பரீட்சைக்குத் தட்டிக்கொண்டிருந்த ஆதிலட்சுமி, பாதி அடித்த தாளை உருவி அவன் கையில் வைத்தாள். இரண்டரை வயசுப் பையனின் அழுகைக்குச் சத்தம் வந்து, அப்படியே சிரிப்பாக மாறியது. மாஸ்டர் ஜினசந்திரன்தான் அதன்பிறகும் பையனின் மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை இப்படி மூச்சு நின்றது ஒன்றரை வயதில். கதவிடுக்கில் விரல் நசுங்கி வீறிட்டவன், மூச்சு உள்ளே போகாமல் நீலம் பாரித்து, நனைந்த துணியாகத் துவண்டுவிட்டான். அரை நிமிஷம்கூட இருக்காது. எழுந்து உட்கார்ந்து பால் கேட்டான். ஜினசந்திரனுக்கு அந்த அரை நிமிஷம் இன்னும் முடியவில்லை. அன்றிலிருந்து அனந்து வைத்ததுதான் சட்டம். கோயில் ஆனை தெருவைத் தாண்டிப் போகக்கூடாது என்று ஒருநாள் வாயைத் திறந்தான். பாகன் பாவம், வந்த காரியத்தை விட்டு ஆனையை வாசலிலேயே நிறுத்திவைத்தார். பொழுது சாய்ந்தால் வாயில் பருக்கை போடாத ஜைனக் குடும்பம் அது. விளக்கு வைத்தபின் இட்லிப் பொட்டலத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து ஊட்டுகிற அளவுக்கு மாஸ்டர் இறங்கிவிட்டார். மனைவி சுனந்தா அதைப் பார்த்துவிட்டு வாசல் கதவைச் சாத்திவைத்தாள். பயம் அவளுக்கும்தான்.

எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்ததையே அவள் மறந்துபோன எழுபத்தொன்பதாம் வருஷத்தில், வேங்கிக்கால் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. அவள் சேர்வதானால் பகலெல்லாம் பையன் அப்பாவோடு மாடியில் இருக்க வேண்டும். வேறு ஆள் இல்லை.

"ஏங்க, பாத்துக்குவீங்களா?"

"எட்டு மிஷினு, பேட்ச் பேட்ச்சா பசங்க. அந்த நேரத்துல இவனுக்கு மூச்சு நின்னுபோச்சுன்னா?"

"அப்ப வேணாம்னு எழுதிப் போட்டுடவா?"

அவர் ஆர்டரை எடுத்து மறுபடி படித்தார். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அழாமல் பாத்திரம் கழுவப் போனாள். மறுநாள் அவரே பையனைத் தூக்கிக்கொண்டு டாக்டர் ரேணுகாம்பாளிடம் போனார்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார். கீழிமையை இழுத்துப் பார்த்தார். "இதயம் நல்லா இருக்கு. ரத்தம் கம்மி. இரும்புச் சத்து டானிக் எழுதறேன், போகப் போகக் குறையும்." பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஜினசந்திரனைப் பார்த்தார். "இப்ப நீங்க மூச்சைப் பிடிங்க."

"நானா?"

"நீங்கதான்."

பிடித்தார். கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு நெஞ்சு எக்கியது, காது அடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. அனந்து கண்கொட்டாமல் பார்த்தான். தன் தொழிலை இன்னொருவர் செய்து அவன் பார்த்ததில்லை. கடைசியில் மாஸ்டர் காற்றைக் கொட்டிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்.

"ஏன் விட்டுட்டீங்க?"

"முடியல டாக்டரம்மா."

"நீங்க விடல, அது விட வெச்சது." டாக்டர் தன் பிடரிக்கு மேலே விரலால் தொட்டார். "இங்க உள்ள, மூளையோட அடித்தண்டு. முகுளம்னு பேரு. மூச்சு நின்னா ரத்தத்துல கரியமில வாயு ஏறும். ஜாஸ்தியாச்சுன்னா இதுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் உங்களைக் கேக்காது, இழுத்துடும். நீங்க தூங்கறப்ப யாரு மூச்சு விடறது, நீங்களா?"

"மயக்கம் போட்டுடறானே?"

"போட்டா என்ன? அழுத பையன்தான் படுத்துட்டான். முகுளம் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் இல்லாம பாருங்க. உலுக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. அவன் வேணும்னு பண்ணல. அதுக்காகக் கேட்டதெல்லாம் குடுத்துடாதீங்க. ஒரு நிமிஷம் தாண்டினா தூக்கிட்டு ஓடி வாங்க. தாண்டாது."

மாஸ்டருக்குப் புரிந்தது, நம்பிக்கைதான் வரவில்லை. மிஷின் என்றால் பிரித்துப் பார்த்துவிடலாம். பெற்ற பிள்ளையின் உயிரை, கண்ணால் காணாத ஒரு தண்டை நம்பி எப்படி விடுவது? ஆனாலும் வீட்டுக்கு வந்து, "சேந்துடு சுனந்தா" என்றார்.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறிப் போனாள். மத்தியான பேட்ச் வரை அனந்து தங்கக்கம்பியாக இருந்தான். பிறகு ஆதிலட்சுமியின் மிஷினிலிருந்து ரிப்பனை உருவப் பார்த்தான். அவள் கையை மறித்தாள். வாய் திறந்தது. மிஷின்கள் நின்றன.

"குடுத்துடட்டுமா சார்?"

"வேணாம்மா."

உதடு நீலமானது. கண் மேலே செருகியது. விழுவதற்குள் தாங்கிப் பிடித்து, பெஞ்சில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இனி அவர் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உலுக்கத் துடித்த கைகளால் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். யாரோ தண்ணீர்ச் சொம்போடு ஓடிவர, தலையை ஆட்டி நிறுத்தினார். சுனந்தா இந்நேரம் கரும்பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருப்பாள். இவனுக்கு ஏதாவது ஆனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

'ஹக்' என்று ஒரு மூச்சு கேட்டது. குழந்தை என்று பாய்ந்து குனிந்தார். குழந்தை இல்லை, அவரேதான். மகனோடு சேர்ந்து தானும் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. அவரைக் கேட்காமல் உள்ளேயிருந்து ஏதோ இழுத்துவிட்டிருந்தது. அட, அந்த முகுளம் இருக்கிறதே, என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் அனந்துவின் விலா எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது.

பையன் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தான். ரிப்பன் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் ஊரைக் கூட்டி அழுதான். அவன் அப்படிச் சத்தமாக அழுவதைக் கேட்க மாஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அழுது அழுது அங்கேயே தூங்கிப்போனான்.

வெயில் தாழ சுனந்தா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். புடவையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"அழுதானா?"

"அழுதான்."

"அப்புறம்?"

"மூச்சு விட்டான்" என்றார்.

அவள் பையைக்கூட இறக்காமல் பெஞ்சோரம் உட்கார்ந்தாள். சாயங்கால பேட்ச் தொடங்கி, எட்டு மிஷின்களும் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில், சட்டை விலகிய அந்தச் சின்ன வயிறு யாரையும் கேட்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.