இராசதுரை முறித்த கொப்பு

1

ஒளிப்பானேன், இந்தக் கதை முழுக்க என்னுடையது இல்லை. கனடாவில், பிறம்ரனில் பரிமளம் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, சோற்றைப் போட்டபடியே அவள் பாதியைச் சொன்னாள். மீதி என் கைச்சரக்கு. நான் ஆபிரிக்காப் பக்கமே போனதில்லை. ஆகவே மரங்களின் பெயரைக் கேட்டு என்னை மடக்க வேண்டாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"செந்நிறப் புல்வெளியின் மேல் சூரியன் சாய, தூரத்தில் ஒரு சிங்கம்

அது அங்கேயே நிற்கட்டும். பரிமளம் சொன்னதில் சிங்கமே இல்லை. அவ்வளவு தூரம் பறந்துபோய்ச் சிங்கம் பார்க்காமல் திரும்பினார்கள் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? உண்மைக்கு அந்தக் கவலை கிடையாது. எனக்குத்தான்.

2

இரண்டாம் தொடக்கம். இது கொஞ்சம் தேறும்.

கோணேஸ்வரி திருகோணமலைக்காரி. ரொறன்ரோவில் ஒரு வங்கியின் காசோலைப் பிரிவில் வேலை. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு தம்பி தங்கைகளை ஒவ்வொருவராக ஸ்பொன்சர் செய்து எடுத்து, கலியாணமும் கட்டிவைத்து, எண்பத்தேழில்தான் தனக்கென்று ஓர் அப்பாட்மென்ற் கண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை நித்திரை கொள்ளலாம். தேத்தண்ணி கேட்டு எழுப்ப ஒரு குருவி இல்லை. அந்தச் சுகத்தை விட அவளுக்கு மனமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பரிமளம் தன் அண்ணன் இராசதுரைக்கு அவளைக் கேட்டாள். இராசதுரைக்கு ட்ரக் ஓட்டம். வயது நாற்பது. (இது பரிமளத்தின் கணக்கு. எனக்கென்றால் இன்னும் கொஞ்சம் கூடத் தெரிகிறது.) நல்ல மனுசன், ஆனால் வாய் மூடாது. கோணேஸ்வரி ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பரிமளம் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாம்பியாவில் கணக்கு வாத்தியாராக இருக்கும் அவர்களுடைய சிநேகிதர் நவரட்ணம் மிருகங்கள் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்று பேரும் போய் வருவது, ரொறன்ரோவில் திரும்பி இறங்குவதற்குள் கோணேஸ்வரி முடிவு சொல்வது.

விமானம் ஏறுமுன் பரிமளம் காதுக்குள் ஒன்று ஓதினாள்.

"என்ன வேணுமெண்டாலும் கூப்பிடு. அவரை அண்ணை எண்டு மட்டும் கூப்பிட்டிடாதை. அதோட கதை முடிஞ்சுது."

'இஞ்சேருங்கோ' என்றால் பெண்சாதி கூப்பிடுகிற மாதிரி. 'மிஸ்டர்' என்றால் வங்கி மாதிரி. கோணேஸ்வரி வழி முழுக்கத் தொண்டையைச் செருமியே சமாளித்தாள்.

3

[ஜீப்பை வர்ணித்து ஒரு பந்தி இருந்தது. தூக்கிவிட்டேன். கூரை இல்லாத ஜீப், அவ்வளவும் போதும்.]

வழிகாட்டியின் பெயர் பண்டா. அச்சொட்டான சிங்களப் பெயர். நாலு இலங்கைத் தமிழரில் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்த நாட்டில் அது வீதிக்கு வீதி உள்ள பெயர் என்று நவரட்ணம் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. பண்டாவிடம் ஒரே சட்டம்: என்ன நடந்தாலும் கீழே இறங்கக்கூடாது.

காடு அடர்த்தியானதும் கோணேஸ்வரிக்கு ஊர்க்காடு ஞாபகம் வந்தது. கந்தளாய்க் காட்டுவழியால் போகிறவர்கள் ஒரு மரக்கொப்பு முறித்துப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டுத்தான் போவார்கள். வைக்காவிட்டால் ஆனை மறிக்கும். கொப்பு வைக்காமல் உள்ளே வந்துவிட்டோமே என்று அவள் தன்பாட்டுக்கு முணுமுணுத்தாள். பாதி பகிடி, பாதி பயம்.

பண்டா ஜீப்பை நிறுத்தி, தொலைநோக்கியால் ஆற்றுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இராசதுரை பேச்சை நிறுத்தினார். (அதுவே அபாய அறிகுறி. யாரும் கவனிக்கவில்லை.) பின்பக்கத்தால் சத்தமில்லாமல் இறங்கி, நேரே ஒரு பற்றைக்குப் போய், நல்ல குழையுள்ள கொப்பாகப் பார்த்து முறித்தார்.

பற்றையின் மறுபக்கத்தில் முறத்தளவு காது ஒன்று ஆடியது. இராசதுரை பிள்ளையாருக்கு முறித்தது, ஆனை தின்றுகொண்டிருந்த பற்றையிலேயே.

சத்தியமாக நான் இதில் ஒன்றும் கூட்டவில்லை.

கோணேஸ்வரி எழுந்து நின்று கத்தினாள்.

"அண்ணை! ஏறுங்கோ அண்ணை!"

ஆனை ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது. இராசதுரை கொப்போடு ஏறினார். பண்டா திட்டித் தீர்த்து, ஜீப்பைக் காட்டு வாசலுக்கே திருப்பினார். பரிமளம் தலையில் கைவைத்தாள். இராசதுரை மட்டும் கொப்பை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"சரி. முடிவைச் சொல்லிட்டியள்தானே."

4

இங்கே கதை என் கையை விட்டுப் போகிறது.

அது முடிவா? நாங்கள் பஸ் கொண்டக்டரையும் அண்ணை என்கிறோம், கடைக்காரரையும் அண்ணை என்கிறோம். பயம் வந்தால் கடவுளுக்கு முதல் ஏதாவதோர் அண்ணையைத்தான் கூப்பிடுகிறோம். இதை இராசதுரைக்கு எடுத்துச் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் எழுதுகிறவன் ஜீப்பில் ஏற முடியாது.

அவரோ மரியாதைக்காரர். அன்றிலிருந்து, தங்கச்சி தண்ணி வேணுமோ, தங்கச்சி வெயில், தொப்பியைப் போடுங்கோ என்று தொடங்கிவிட்டார். மறுநாள் நீர்யானைகளைப் பார்த்தார்கள். அவை

நீர்யானையை யார் பார்த்தது? கோணேஸ்வரிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வாய் தானாகவே பதில் சொல்லிவிட்டது, ஞாயிறு நித்திரையும் தப்பியது. வந்தது கோபம். ஒவ்வொரு 'தங்கச்சி'யும் சுருக்கென்று குத்தியது. வீட்டில் அத்தனை பேருக்கும் அவள் ஓடியாடிச் செய்தாள். அவள் முணுமுணுத்த அரை வசனத்தைக் கேட்டு யாரும் எதற்காகவும் இறங்கியதில்லை. இந்த மடையன் சாகவும் இறங்கினான். இராவல்ல, பட்டப்பகலில், நீர்யானைகளுக்கு முன்னால் அவளுக்கு அழுகை வந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

5

முடிவு அ: விமானத்திலேயே ஓம் என்கிறாள். பரிமளம் துள்ளுகிறாள். (பணிப்பெண் கைதட்டுகிறாள் என்றும் எழுதினேன். வெட்கமாயிருக்கிறது.)

முடிவு ஆ: இல்லை என்கிறாள். நாலு நாள் அவள் பட்ட பாட்டுக்கு இது நியாயமில்லை.

நடந்தது இவ்வளவு. விமானம் இறங்கியது, அவள் வாய் திறக்கவில்லை. ஸ்காபரோவில் அவளுடைய அப்பாட்மென்ற் கட்டடத்துக்கு முன்னால் இராசதுரை வான் வண்டியை நிறுத்தினார். பரிமளம் உள்ளே நித்திரை மாதிரிக் கிடந்தாள். (மாதிரி. இல்லாவிட்டால் எனக்கு இந்தக் கதை கிடைத்திராது.) அவர் சூட்கேசை வாசல்வரை தூக்கிவந்து வைத்துவிட்டு, அப்ப வாறன் தங்கச்சி என்றார்.

அடுத்த வசனத்தில் பாதியைத்தான் எழுதப்போகிறேன். மற்றப் பாதியைப் பரிமளம் சொல்லித்தான் இருக்கிறாள், ஆனால் அது அவர்கள் இருவருக்கும் உரியது. உங்களுக்கு வேண்டுமென்றால் பேனையைப் பிடியுங்கள்.

கோணேஸ்வரி அவருடைய ஜக்கெற் கையைப் பிடித்தாள்.

"இன்னொருக்கா என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிட்டியளெண்டால், நான்