வலப்பக்கத்து இருக்கை

மொன்றியலில் லாசாலை விட்டுப் புறப்பட்ட ஐந்தாம் நாள், இனி இந்த மனுஷனுக்குத் தேத்தண்ணி நீட்டுவதில்லை என்று சிவநேசம் முடிவெடுத்தாள்.

ஓடுகிற வண்டியில் பிளாஸ்கிலிருந்து ஊற்றி, சிந்தாமல் பிடித்து, அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நீட்டியிருந்தாள். உருத்திரமூர்த்தி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் "இந்தாங்கோ" என்று சொல்லுவாள், கை வரும். இன்றைக்கு வாய் திறக்கவில்லை. தானாய்த் திரும்பிப் பார்க்கிறாரா, பார்ப்போம் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பாலம் போனது. ஒரு பெற்றோல் அடிக்கிற செற் போனது. தோள் உளைந்தது. அவர் திரும்பவில்லை. ஆறிப்போனதைத் தானே குடித்தாள். கசந்தது.

பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே இந்த மனுஷனுக்கு இல்லை.

அவர்களுக்குக் கலியாணமாகி முப்பத்தொரு வருஷம். அதில் இருபத்தாறு வருஷம் அவர் இரவில் வேலை செய்தார், அவள் பகலில் வேலை செய்தாள். மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கிற லொறி அவருக்கு. ஹோட்டல் துணி வெளுக்கிற ஆலை அவளுக்கு. ஆவி பறக்கிற உருளைக்குள் படுக்கை விரிப்பைக் கொடுத்துக் கொடுத்து இரண்டு மணிக்கட்டும் போயிருந்தன. பிள்ளையைக் கார்தெரி என்கிற காப்பகத்தில் விடக் காசில்லாத காலத்தில் தொடங்கிய ஏற்பாடு. அவர் சப்பாத்தைக் கழற்றுகிற நேரம் அவள் சப்பாத்தைப் போடுவாள். பிள்ளை படித்து, கலியாணம் கட்டி, ஒட்டாவாவுக்குப் போன பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. துண்டு எழுதி ஒட்டுகிற குளிர்சாதனப் பெட்டியின் கதவுதான் அவர்கள் கதைத்த இடம். 'பால் முடிஞ்சுது.' 'கறி கீழ்த்தட்டில்.' 'கால் வீக்கம் எப்படி?' சனம் கேட்டால், நாங்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை என்று சிவநேசம் பெருமையாய்ச் சொல்லுவாள். சண்டைக்கு நேரம் கிடைத்தால்தானே.

தை மாதம் அவர் வேலையை விட்டார். "ஓடினது காணும் நேசம். முதுகு ஏலாது" என்றார். வைகாசியில் லஷீனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனிடம் பழைய கரவன் ஒன்றை வாங்கி, பிக்கப்பின் பின்னால் கொழுவிக்கொண்டு வந்து நின்றார். ஆற்றின் வடகரைத் தெருவின் முடிவுவரைக்கும் போவோம் என்றார். அதற்கப்பால் தெருவே இல்லையாம், கப்பல்தானாம். புரட்டாதியில் அவள் இரண்டு கிழமை லீவு எடுத்தாள்.

புறப்படுகிற அன்று, அவரோடு இருபது வருஷம் லொறி ஓடிய றெக்ஸ், மாடிக்கட்டடத்துக்குக் கீழே கோப்பியோடு வந்து நின்றான்.

"அக்கா, வலிகாமத்திலை இருந்து வெளிக்கிட்டம். வன்னியிலை இருந்து வெளிக்கிட்டம். அப்பவெல்லாம் வீட்டைக் கொண்டுபோக ஏலாமல் போச்சு. அண்ணை இப்ப வீட்டையே கொழுவிக்கொண்டு வெளிக்கிடுறார். ஆர் அண்ணை இஞ்சை ஷெல் அடிக்கிறான்?"

"உன்ரை வாய்தான்டா அடிக்குது," என்றார் உருத்திரமூர்த்தி.

நாலு பேர் சிரிக்கிற அளவுக்குச் சத்தமாய் றெக்ஸ் தனியே சிரித்தான். பிறகு அவளிடம் மெதுவாய்ச் சொன்னான்: "நீங்களும் இடைக்கிடை ஓடுங்கோ அக்கா. லைசன்ஸை வைச்சுக்கொண்டு கோயிலுக்கு மட்டுமே ஓடுறது?"

"உங்கடை அண்ணை ஸ்டியறிங்கைத் தருவாரே?"

றெக்ஸ் கரவனின் ரயரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுப் போனான்.

அந்தப் பகிடியெல்லாம் இப்போது தூரத்தில் கிடந்தது. தாதுசாக்கில் வண்டியைப் படகில் ஏற்றி இறக்கினார்கள். பிறகு பே-கோமோ, செற்-ஈல். செற்-ஈலுக்கு அப்பால் ஊர்கள் மெலிந்துகொண்டே போயின. ஒரு தேவாலயம், தெப்பனேர் என்கிற ஒரு சில்லறைக் கடை, மீன்பெட்டி அடுக்கிய ஒரு துறை, அவ்வளவுதான் ஊர். பிறகு மணிக்கணக்காய்க் குட்டை மரமும் சதுப்பும். வலது பக்கம் கடல் போலப் பெருத்த ஆறு.

இரவில் கரவனுக்குள் ஆளை ஆள் இடித்தார்கள். அலுமாரிக் கதவு திறந்திருந்தால் அவர் போய் நெற்றியில் வாங்கிக்கொண்டு தூஷணத்தில் ஏசுவார். "நீ ஏன் திறந்து விட்டனீ?" என்பார். முப்பத்தொரு வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் ஏசிய முதல் ஏச்சு அது. காலையில் மட்டும் மனுஷன் அமைதியாகிவிடுவார். புறப்பட முன் வண்டியைச் சுற்றி வருவது லொறிக்காரர் வழக்கம். கொழுக்கி, சங்கிலி, விளக்கு என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து, சின்னச் சுத்தியலால் ரயரைத் தட்டிக் காற்றுச் சத்தம் கேட்பார். இந்தப் பயணத்தில் அவர் எல்லாவற்றையும் கையால் தடவித் தடவிப் போனார். கரவனில் அவ்வளவு ஆசை என்று சிவநேசம் நினைத்தாள். அந்தத் தகரத்தைத் தடவுகிற கை என் பக்கம் ஒருக்கால் வந்தால் என்ன என்றும் நினைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் ஒட்டாவாவுக்குப் போய்விடுவது என்று நேற்றிரவு மனதுக்குள் எழுதி வைத்திருந்தாள். அவருக்கு இரவு வேலை இருந்தவரை சமாளித்தாயிற்று. பக்கத்தில் இருந்தும் பார்க்காத ஒருவரோடு இனி இரவும் பகலும் எப்படி இருப்பது? தெரு முடிகிற ஊரில் வைத்துச் சொல்லலாம். அதற்கு இன்னும் நூற்றிருபது கிலோமீற்றர் இருந்தது.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். ஒரு ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கியது. கீழே தெருவேலை. இடது பாதையில் செம்மஞ்சள் கூம்புகள், எதிரே வரிசையாய் வருகிற பாரவண்டிகள். வலது ஓரத்தில் ஒரு பெண் 'நில்' பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிவநேசம் அவளைக் கண்டாள். அவரும் கண்டிருப்பார், இப்போது பிறேக் போடுவார் என்று இருந்தாள். வண்டி குறையவில்லை. எதிரே வருகிற பாரவண்டிகளுக்கு ஒதுங்க வேண்டி அவர் ஸ்டியறிங்கை வலப்பக்கம் சரித்தார். அந்தப் பெண்ணை நோக்கியே சரித்தார்.

"ஐயோ, ஆள்! ஆள் நிக்குது!"

"எங்கை?"

அது எரிச்சலில் வந்த கேள்வி அல்ல. மனுஷன் உண்மையாகவே கேட்டார்.

அவள் எட்டி ஸ்டியறிங்கைப் பிடித்து இழுத்தாள். அவர் பிறேக்கை மிதித்தார். கரவன் பின்னால் உதைத்தது. வலது கண்ணாடியில் பலகை அடிபட்டுப் பறந்தது. பெண்ணைக் காணவில்லை.

வண்டி நின்றதும் சிவநேசம் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பெண் தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தாள். பிறகு எழும்பினாள். முழங்கால் காற்சட்டை கிழிந்து இரத்தம் வந்தது, வேறொன்றுமில்லை. நாற்பது வயது இருக்கும். மஞ்சள் அங்கியில் செலீன் என்று பெயர் ஒட்டியிருந்தது. ஏசத் தொடங்கினாள். ஆலையில் இருபத்தாறு வருஷம் கியூபெக்காரிகளோடு நின்றவளுக்கு அதில் ஒரு சொல்லும் புதிதில்லை.

உருத்திரமூர்த்தி இறங்கி, வண்டியின் உடம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வெயில், மதாம்," என்றார் பிரெஞ்சில். "வெயில் கண்ணுக்குள்ளே அடித்தது. மன்னிக்க வேண்டும்."

வெயில் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவர்களுடைய நிழல்கள் மூன்றும் தெரு போகிற பக்கமாய் நீண்டு கிடந்தன. செலீன் நிழலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு சிவநேசத்தைப் பார்த்தாள். கையிலிருந்த வோக்கிடோக்கியில் யாரோ என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

சிவநேசம் அவருடைய வலப்பக்கம் போய் நின்றாள். ஒரு முழத் தூரம். கையை உயர்த்தி அவருடைய வலது கண்ணுக்குப் பக்கமாய் விரல்களை ஆட்டினாள். அவர் கண் வெட்டவில்லை. "மன்னிக்க வேண்டும்" என்று கானைப் பார்த்துத் திரும்பச் சொன்னார்.

ஐந்து நாள் தேத்தண்ணியும், அலுமாரிக் கதவும், கரவனைத் தடவிய கையும் ஒன்றாய் வந்து அவள் தலையில் விழுந்தன. பார்க்காமல் விட்டவரல்ல. பார்க்க ஏலாதவர்.

பேசாமல் நின்றால் போதும், செலீன் இன்னும் இரண்டு வார்த்தை ஏசிவிட்டுப் பலகையைத் திருப்புவாள். தெரு திறக்கும். அவர் ஏறி ஓட்டுவார்.

"அவருக்குக் கண் தெரியாது," என்றாள் சிவநேசம், பிரெஞ்சில். "இந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. எனக்கு இப்பதான் தெரியும்."

செலீன் வோக்கியை வாயிலிருந்து எடுத்தாள். "நீ வண்டி ஓட்டுவாயா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, "வுய்" என்றாள்.

"அப்ப நீ ஓட்டு. இவர் ஸ்டியறிங்கைத் தொட்டால் பொலிசுக்குச் சொல்லுவன். இந்தக் கோடையில் நான் குதிச்சது இது மூன்றாம் தரம். நாலாம் தரம் குதிக்கக் காலில்லை." முழங்காலைத் துடைத்துக்கொண்டு பலகையைத் தேடிப் போனாள்.

உருத்திரமூர்த்தி வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றார்.

"காட்டிக் குடுத்திட்டாய்," என்றார்.

அந்தச் சொல் என்ன சொல் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவருடைய தம்பியை ஊரில் ஆமிக்காரர் அப்படித்தான் கொண்டுபோனார்கள். முகம் மூடிய ஒருவன் தலையாட்டினான், அவ்வளவுதான்.

"ஓம். காட்டிக் குடுத்தனான்," என்றாள். "எப்ப தொடக்கம்?"

அவர் வண்டியின் தகரத்தைக் கையால் தடவினார்.

"உங்களைத்தான் கேக்கிறன். எப்ப தொடக்கம்?"

"தையிலை டொக்டர் சொன்னவர். கண்ணுக்குள்ளை அழுத்தமாம். நரம்பு செத்துப்போச்சாம். வலது முழுக்கப் போயிட்டுது. இடது ஓரத்திலை இருந்து சுருங்குது."

"முதுகு எண்டு சொன்னியள்."

"வாகனமே ஓடக்கூடாது எண்டவர். ஸ்டியறிங் இல்லாட்டி நான் ஆரடி? பாரம் தூக்க ஏலாது. படிப்பில்லை."

"றெக்ஸுக்குத் தெரியும்."

"தெரியும்."

"றெக்ஸுக்குச் சொல்லியிருக்கிறியள். எனக்கு ஒரு துண்டு எழுதி ஒட்டியிருக்கலாமே. பால் முடிஞ்சுது எண்டு எழுதினனீங்கள்தானே. கண் முடிஞ்சுது எண்டு எழுதியிருக்கலாமே!"

அவர் வாயைக் கோணி அழுதார். ஒரு சத்தமும் இல்லை. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அழுதிருந்தால் அவள் ஆலையில் நின்ற நேரத்தில் அழுதிருப்பார்.

"நீங்கள் என்னைப் பாக்க விருப்பமில்லாமல் இருக்கிறியள் எண்டு நினைச்சன்," என்றாள். "ஒட்டாவாவுக்குப் போக இருந்தனான். விளங்குதே? விட்டிட்டுப் போக இருந்தனான்."

"இப்ப?"

"இப்ப அந்தப் பிள்ளையைக் கொல்லப் பாத்தனீங்கள். இப்ப எண்டு என்னைக் கேக்காதேங்கோ."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தெரு முடிய இன்னும் நூற்றிருபதுதான் நேசம். கண் இருக்கேக்கை ஒருக்கால் பாப்பம் எண்டு—"

"இல்லை. திருப்பிறம்."

திருப்புவதற்கு இடமில்லை. இருநூறு மீற்றர் பின்னால் சரளைக்கல் குவித்த ஒரு ஒதுக்கு இருந்தது. அதற்குள் கரவனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். செலீன் இரண்டு பக்கமும் மறித்துத் தந்தாள். சிவநேசம் ஸ்டியறிங் இருக்கிற இடது இருக்கையில் ஏறினாள். கொறொல்லா காரில் டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போய்வருகிற ஓட்டம்தான் அவளுக்குத் தெரியும். ஸ்டியறிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். கரவன் இடப்பக்கம் போனது. இடப்பக்கம் ஒடித்தாள். மடங்கிக்கொண்டு நின்றது. காத்திருந்த காரில் ஒருவன் ஹோர்ன் அடித்தான். செலீன் அவனுக்குப் பலகையைக் காட்டினாள்.

உருத்திரமூர்த்தி அவளுடைய ஜன்னலுக்கு வெளியே வந்தார்.

"மேலை பிடியாதை. கீழ்ப்பக்கத்திலை ஒரு கையாலை பிடி. கரவன்ரை பின்பக்கம் எங்கை போகவேணுமோ, அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோ. அவ்வளவுதான்."

"கத்தாதேங்கோ."

"கத்தேல்லை. மெள்ள. இன்னும் மெள்ள. கையை விடு... ஆ, பிடி."

மணிக்கட்டு நொந்தது. நாலாவது முயற்சியில் கரவன் சரளைக்குள் இறங்கியது. அவர் இடப்பக்கத்திலேயே நடந்து வந்தார். அந்தப் பக்கம்தான் அவருக்குக் கொஞ்சமாவது இருந்தது. வலப்பக்கத்தில், யாரும் கேட்காமலே, செலீன் நொண்டிக்கொண்டு வந்து கை காட்டினாள்.

மேற்கே திரும்பி ஓடினார்கள். இப்போது வெயில் உண்மையாகவே கண்ணுக்குள் அடித்தது. சிவநேசம் அறுபதுக்கு மேல் போகவில்லை. பின்னால் சேர்ந்த வண்டிகளெல்லாம் ஏசிக்கொண்டு முந்திப்போயின. உடைந்த கண்ணாடி ஒரு வயரில் தொங்கிக் கதவில் டக் டக் என்று அடித்தது. மொன்றியலுக்கு ஆயிரத்து நூறு கிலோமீற்றருக்கு மேல். போய், டொக்டரிடம் அவளும் கூடப் போகவேண்டும். லைசன்ஸைக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு அவர் வீட்டில் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் என்ன செய்வாள் என்றும் தெரியாது.

பக்கத்தில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவர் பிளாஸ்கைத் திறந்து, விரலைக் கோப்பையின் விளிம்பில் வைத்து அளவு பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி மடியில் சிந்தியது. தலையை நன்றாய்த் திருப்பி, அவளைப் பார்த்து, கோப்பையை நீட்டினார்.

"இப்ப ஏலாது. ரெண்டு கையும் வேணும்," என்றாள் அவள், தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கோப்பையை வைக்கவில்லை, குடிக்கவுமில்லை. பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு பாலம் போனது.